ஹான்லன் வீட்டுப் பவுண்டு

கல் வளர்ந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தி அதெப்படி என்று கேட்கக்கூடாது. ஊத்தங்கால் ஜங்ஷன் ரயில்வே கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரோரம், கொர்னீலியஸ் ஹான்லன் என்ற ஐரிஷ்காரரின் தலைமாட்டில் நூறு வருஷமாகச் சும்மா நின்றிருந்த கருங்கல், ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணிப் பாசஞ்சர் வந்து நின்று ஊரே சோற்றில் கை வைக்கிற நேரத்தில், மண்ணுக்குள்ளிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏறியது. ஏறிய இடத்தில், பழைய எழுத்துகளின் அதே வெட்டில், புதிதாக ஒரு பெயர் இருந்தது. நான் அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் கீமேனாக முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தைப் பார்த்தே நடந்து ஓய்வு பெற்றவன், அதற்குப் பிறகு கல்லறைத் தோட்டத்துச் சாவி என்னிடம் இருந்தது. புல்லை அறுத்து முடித்துவிட்டுத்தான் போய்ச் சொன்னேன்.

சொன்னது ஐவி மிஸ்ஸிடம். ஐவி ஹான்லன், அறுபத்திரண்டு வயது, ரயில்வே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவர், ஊத்தங்காலில் மிச்சமிருந்த கடைசி ஹான்லன். அண்ணன், தம்பி, தங்கை என்று எல்லாரும் கப்பலிலும் பிளேனிலும் ஆஸ்திரேலியா போனபோது, படுக்கையில் கிடந்த அம்மாவுக்காக இவர் மட்டும் நின்றார். அம்மா போன பிறகு அழைக்க அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. நிறத்தில் என்னைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பு. ஆனாலும் ரேஷன் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "ஊத்தங்கால்" என்பார். "அது சரி, நெசமா எந்த ஊரு?" என்பார்கள். ஆயுசு பூராவும் இதைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியை யாரும் கேட்காத ஒரு மண்ணில் ஒரு தடவையாவது போய் நின்றுவிட்டுச் சாகணும் என்பதுதான் அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை. கல்லில், "அயர்லாந்து, மேயோ மாவட்டம், கில்நவீன் ஊரில் பிறந்தவர், பசித்தோரை உண்பித்தவர்" என்று இருந்தது. அந்த ஊர் மாதா கோயிலுக்குக் கடிதம் எழுதினார். கோயில் ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் ப்ரீடா ஹான்லன் என்ற பெண் பதில் எழுதினாள்: இங்கே ஹான்லன்கள் ஏராளம், கூடப் பிறந்தவர்கள் பெயர் தெரியாமல் உங்கள் கொர்னீலியஸ் எவர் என்று சொல்ல முடியாது. அந்தக் கடிதம் வந்தது திங்கட்கிழமை. கல் ஏறியது மறுநாள்.

"மிஸ், உங்க பாட்டன் கல்லுல ஒரு வரி கூடியிருக்கு."

"எவன் மேன் வெட்டுனான்?"

"எவனும் வெட்டல. கல்லு ஏறியிருக்கு."

"என்ன பேரு?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வந்து பாருங்க."

புது வரி எப்போதும் அடியில்தான் வரும், மண்ணை ஒட்டி. முட்டி போட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தால்தான் படிக்கலாம். மிஸ் குனிந்தார். "ப்ரிஜிட் ஹான்லன், வயது நான்கு" என்று படித்தார். புதன்கிழமை ஓவன், வயது ஏழு. வியாழக்கிழமை நோரா, வயது இரண்டு. அப்படி ஏழு நாள், ஏழு பெயர், கடைசி இரண்டு பேர் அப்பனும் ஆத்தாளும். பிறகு நின்றுவிட்டது.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். செய்ய வேண்டியதைச் செய்தது. பங்குச் சாமியார் பாதர் இன்னாசி தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, கல்லறைக் கல் வளரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ரயில்வே இன்ஜினியர் வந்து மண்ணைத் தட்டிப் பார்த்து, இயற்கையான வளர்ச்சி என்று ஃபைலில் எழுதிவிட்டுப் போனார். பத்திரிகைக்காரர் ஒருவர் பதினொரு மணிக்கு வந்து, கல் சும்மா நிற்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, பதினொன்றரை ரயிலைப் பிடித்தார். டீக்கடைக்காரர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மிஸ் ஏழு பெயரையும் எழுதி அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. என் வீட்டுக்குச் சுற்றி வராமல், தன் வீட்டுப் பின்சுவருக்கு மேலே தலையை நீட்டிப் படித்துக் காட்டினார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு, அங்கே பெரும் பஞ்சம், உருளைக்கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே கறுத்து அழுகிய வருஷம். அந்த ஏழு பேரும் ஒரே மாதத்தில் செத்து ஒரே குழியில் கிடக்கிறார்கள், எட்டாவதாகப் பதினோரு வயதுப் பையன் ஒருவன், கொர்னீலியஸ், அவனுக்குப் பிறப்பு மட்டும் எழுதியிருக்கிறது, அடக்கம் எழுதவில்லை, நூற்றைம்பது வருஷமாக அவன் எங்கே போனான் என்று இங்கே யாருக்கும் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது, எட்டுப் பெயரையும் சேர்த்து ஒரு கல் நடப்போகிறோம், நீ வா, நீதான் துணியை விலக்கித் திறக்க வேண்டும், என் வீட்டில் தங்கலாம், நாம் ஒரே ரத்தம் என்று ப்ரீடா எழுதியிருந்தாள்.

"ஒரே ரத்தமாம் மேன்" என்றார் மிஸ். அந்த முகத்தை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

"எப்பப் போறீங்க?"

"ஜூன் மாசம்."

"குளிரும். கம்பளி எடுத்துக்குங்க" என்றேன்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லணும். ஹான்லன் பங்களாவின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கஞ்சிமேடு, எங்கள் குடியிருப்பு. பெயர் ஏன் அப்படி என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. தினமும் நடுப்பகலில், சாப்பாட்டில் வாய் வைப்பதற்கு முன்னால், ஹான்லன் வீட்டில் ஒருவர் ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்து அந்தச் சுவருக்கு மேலே எறிவார். தலைமுறை தலைமுறையாக எறிந்தார்கள். எங்கள் ஐரிஷ் வழக்கம் என்பார்கள். எங்கள் பக்கம் அதைக் காக்காயும் நாயும் தின்னும். ஆறு வயதில் ஒரு நாள் பசியில் நான் அதைப் பொறுக்கித் தின்றேன், என் அப்பா என் முதுகில் புளிய விளார் ஒடிகிறவரைக்கும் அடித்தார். அடித்துவிட்டு அழுதார். எறிகிற சோறு தின்பவர்கள் இல்லை நாம் என்றார். அவருக்கும் காரணம் தெரியாது.

மிஸ் அந்த வழக்கத்தைப் பெருமையாக ப்ரீடாவுக்கு எழுதினார். உங்கள் ஊர் வழக்கத்தை நாங்கள் ஒரு நாளும் விடவில்லை என்று. சித்திரையில் பதில் வந்தது. அப்படி ஒரு வழக்கத்தை இங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லை, இது பசியில் செத்த ஊர், இங்கே யாரும் சாப்பாட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள் என்று ப்ரீடா எழுதியிருந்தாள். அப்படியானால் வேறு எங்கிருந்து வந்தது இது என்று மிஸ் அன்றைக்குப் பூராவும் யோசித்தார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா இருந்த கல் ஏறியது.

மிஸ் குனிந்து படித்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"என்ன மிஸ், இன்னொரு ஹான்லனா?"

"இல்ல மேன். சின்னாயி. வயசு ஏழு. ஒரு பவுண்டு."

மறுநாள் முத்தன், வயது முப்பது, ஒரு பவுண்டு. அதற்கு மறுநாள் கறுப்பாயி. அதற்கு மறுநாள் கறுப்பாயியின் கைக்குழந்தை, பெயர் இல்லை, அரைப் பவுண்டு. ஒரு நாளைக்கு ஒன்று, தவறாமல், இங்கிலீஷ் எழுத்தில், எங்கள் பெயர்கள்.

ஹான்லன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு ஒரு பழைய கடிதம் தொங்கும். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில், லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த அந்தப் பஞ்சத்தில், கூலிக்கு ஜல்லி உடைத்து ரயில் பாதை போட வந்தவர்களுக்குத் தானியம் அளந்து கொடுத்த முகாமை கொர்னீலியஸ் ஹான்லன் நேர்மையாக நடத்தினார் என்று அந்தக் காலத்துக் கலெக்டர் கொடுத்த பாராட்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதுதான் சர்க்கார் உத்தரவு. அந்த ஒரு பவுண்டு பித்தளை எடைக்கல் இன்னும் மிஸ்ஸின் சமையலறையில் மரப்பெட்டியில் இருந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு அதில்தான் நிறுப்பார். ஹான்லன் வீட்டுச் சமையல் குறிப்பு எதுவானாலும் கடைசியில் "ஒரு கைப்பிடி கூட" என்று இருக்கும். போடாவிட்டால் கேக் கூழாகிவிடும். ஏன் என்று கேட்டால், இது ஐரிஷ் பவுண்டு, இங்கிலீஷ் பவுண்டைவிடக் கொஞ்சம் சின்னது என்பார்கள். நாலு தலைமுறை படித்த ஜனங்கள் இதை நம்பினார்கள்.

ஒரு நாள் மிஸ் அந்தப் பெட்டியை என்னிடம் நீட்டினார். "நவநீதம் கடையில நிறுத்துட்டு வா, மேன்."

மளிகைக்கடை நவநீதம் நிறுத்தார். நானூற்று ஐம்பது கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, முன்னூற்று எண்பது இருந்தது. தலைகீழாகக் கவிழ்த்து நகத்தால் சுரண்டினார். அடியில் அரக்கு. அரக்குக்குள்ளே, கட்டை விரல் போகிற அளவுக்குக் குடைந்திருந்தது.

"இந்த வேலை எங்க அப்பன்கூடப் பண்ணினதில்லப்பா" என்றார் நவநீதம். அவர் அப்பனைத் தெரிந்தவன் நான். அதனால்தான் அது பெரிய வார்த்தை.

திரும்பி வந்து சொன்னேன். மிஸ் பின்கட்டில் ஓர் அறையைத் திறந்து காட்டினார். கரி அறை என்பார்கள் அந்த வீட்டில். தரை கறுப்பு, சுவர் பாதி உயரத்துக்குக் கறுப்பு, மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் தூள். அந்த வீட்டில் யாரும் எக்காலத்திலும் கரி வாங்கியதில்லை. கொர்னீலியஸ் செத்த அன்றைக்குத்தான் அந்தப் பூட்டை உடைத்தார்களாம். நான் மண்வெட்டியால் ஓரத்தில் கிளறினேன். சாக்கு நார் வந்தது. அப்புறம் இன்னும் சாக்கு நார். உள்ளங்கையில் தூளைத் தேய்த்து மோந்து பார்த்தேன்.

"கரி இல்ல மிஸ். கேழ்வரகு. கம்பும் இருக்கு. வச்சு வச்சு மக்கிப் போயிருக்கு."

"திங்கலியா?"

"திங்கல. விக்கவும் இல்ல. வச்சிருந்திருக்கான்."

"பதினோரு வயசுல பயந்த பையன், மேன். கிழங்கு கறுத்த மாதிரி இதுவும் ஒரு நாள் இல்லாமப் போயிரும்னு..."

"பயம் எங்களுக்கும் இருந்துச்சு மிஸ்" என்றேன்.

அன்றைக்கும் பன்னிரண்டரை மணிக்குக் கைப்பிடிச் சோறு சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அது என்ன என்று, பவுண்டில் குறைந்த அந்தக் கைப்பிடி என்று, இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

கஞ்சிமேட்டில் செய்தி பரவியது. கல்லெறிந்து பங்களா ஜன்னல் கண்ணாடியை உடைப்பார்கள் என்று பாதர் இன்னாசி பயந்தார். யாரும் எறியவில்லை, எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய வேலை வந்துவிட்டது. பாட்டன் பெயருக்கு மேலே எங்களில் எவனுக்கும் ஒரு பெயரும் தெரியாது, அதற்கு மேலே இருந்ததை எல்லாம் தாது வருஷம் தின்றுவிட்டது, சர்க்கார் ஏட்டிலும் கோயில் ஏட்டிலும் எங்களை யாரும் எழுதவில்லை, இப்போது எங்களை எழுதி வைத்திருக்கிற ஒரே இடம் எங்கள் வயிற்றில் அடித்தவனின் கல் என்றால் அதையாவது போய்ப் படித்துத்தானே ஆகணும். முதலில் போனவள் தைலம்மை, இட்லிக் கடை வைத்திருக்கிறவள். முத்தன் என்ற பெயர் மேல் கையை வைத்து, "இது எங்க வீட்டுப் பேரு" என்றாள். எப்படித் தெரியும் என்று மிஸ் கேட்டார். "எப்படியோ. எங்க வீட்டுப் பேருன்னு சொல்றேன்ல, எழுதிக்க தாயி" என்றாள். மறுநாள் பொங்கல் வைத்துக் கொண்டுவந்து கல்லடியில் வைத்தாள்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கூடும், பாசஞ்சர் ஊதும், கல் ஏறும், மிஸ் முட்டி போட்டுக் குனிந்து படிப்பார், யாராவது ஒருவர் கையை வைத்து எங்கள் வீட்டுப் பெயர் என்பார். சின்னாயிக்கு மூன்று வீடுகள் சண்டை போட்டன, தைலம்மை நடுவில் புகுந்து, அந்தப் புள்ள பட்டினியில செத்தது, மூணு வீட்டுலயும் சாப்பிட்டுக்கட்டும் என்று தீர்த்து வைத்தாள். சேலத்திலிருந்து வந்தார்கள், கோலாரிலிருந்து வந்தார்கள், பினாங்கிலிருந்து கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் வந்து பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்து, பத்தொன்பதாம் நாள் ஒரு பெயரைத் தொட்டு ஓவென்று அழுதுவிட்டுப் போனார். போகப் போகக் கல் சிக்னலை மறைத்தது, ரயில்வே சிக்னலை நகர்த்திக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியைவிட உயர்ந்தது. சாயங்காலம் அதன் நிழல் சுவரைத் தாண்டிக் கஞ்சிமேட்டில் விழும். அதில் நாங்கள் துணி காயப் போடமாட்டோம். மற்றபடி அவரவர் வேலையைப் பார்த்தோம். மேலே இருந்த ஏழு ஐரிஷ் பெயரும் இப்போது காக்காய் உட்காருகிற உயரத்தில் இருந்தன, யார் கண்ணுக்கும் தெரியாது.

அதெல்லாம் பின்னால். அந்த முதல் வருஷம் ஜூன் மாதம் நெருங்கியது. மிஸ் போகலாம். ப்ரீடாவுக்கு ஏழு பெயர் மட்டும்தான் தெரியும், மிச்சத்தைச் சொல்லாமல் போய்த் துணியை விலக்கிவிட்டு வந்திருக்கலாம். நான்கூடச் சொன்னேன்.

"போய்ட்டு வாங்க மிஸ். இது எங்க போயிடப் போவுது."

"அந்தக் கல்லுலயும் பசித்தோரை உண்பித்தவர்னு வெட்டப் போறாங்க, மேன். நான் நின்னு கை தட்டணுமா? அப்புறம் இங்க யாரு படிக்கிறது? நீயா?"

எனக்கு அப்போது இரண்டு வார்த்தை இங்கிலீஷ் படிக்க வந்திருந்தது, தினமும் பார்த்துப் பார்த்து. ஒரு பவுண்டு. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். எடையை, அறையை, அதுவரைக்கும் வந்த ஐம்பத்து மூன்று பெயரையும். ஜூன் போயிற்று. ஆடி போயிற்று. ஆவணியில் மூன்று வரியில் பதில் வந்தது. கல் நட்டாகிவிட்டது. ஊர் கூடிப் பேசி, அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டோம். நீங்கள் சிரமப்பட வேண்டாம். கீழே ப்ரீடா என்று மட்டும் இருந்தது. ஹான்லன் என்று போடவில்லை.

மிஸ் அதை மடித்து அந்தக் குடைந்த எடைக்கு அடியில் வைத்தார். "இப்ப யாராவது கேட்டா என்ன ஊருன்னு சொல்றது, மேன்?" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு, சோறு சுவருக்கு மேலே வரவில்லை. கேட் பக்கம் நாய் குரைத்தது. மிஸ் ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு, ரோட்டைச் சுற்றி, லெவல் கிராசிங் தாண்டி, அரை மைல் வெயிலில் நடந்து, அறுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கஞ்சிமேட்டுக்குள் வந்தார். என் வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. தட்டில் சோறும் கொஞ்சம் குழம்பும். நீட்டினார். என் அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்து தின்றேன்.

"உப்பு இல்ல" என்றேன்.

"எனக்குப் பிரஷர் மேன். உப்புப் போடறதில்ல."

"அதுக்காக? மத்தவன் திங்க வேணாமா?"

சிரித்தார். மறுநாளும் உப்பில்லாமல்தான் கொண்டுவந்தார், எனக்கில்லை, தைலம்மைக்கு. அதற்கு மறுநாள் அடுத்த வீட்டுக்கு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. கஞ்சிமேடே திட்டிக்கொண்டு தின்றது. ஒரு வீட்டில் மட்டும் தட்டை வாங்கித் தெருவில் கொட்டினார்கள். மிஸ் தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு போனார், அந்த வீட்டு முறை திரும்ப வந்தபோது மறுபடியும் அங்கேயே போனார்.

யாரும் கையை வைக்காத பெயர்களும் வந்தன. கூட்டம் ஒருவரை ஒருவர் பார்க்கும், கலைந்துவிடும். பெயரே இல்லாத குழந்தைகளும் வந்தன. "அதுக்கெல்லாம் என் பேரைப் போட்டுரலாம் மேன், ஹான்லன்னு" என்றார் ஒரு நாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க புள்ளைங்களைக் கொன்னதும் அந்தப் பேரு, இப்ப வளக்கிறதும் அந்தப் பேரா?" என்றேன். முகம் செத்துவிட்டது அவருக்கு. அப்புறம், நாங்கள் யாரும் இல்லாத சமயம் பார்த்து, பெயர் சொல்லாமலேயே அந்த வரிகளின் மேல் கையை வைத்துவிட்டுப் போவார். பார்த்திருக்கிறேன். தடுக்கவில்லை.

இரண்டு வருஷம் அப்படி. ஒரு மார்கழிக் காலையில் பால்காரர் வந்து சொன்னார், மிஸ் எழுந்திருக்கவில்லை என்று.

கொர்னீலியஸுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினோம். ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தி வந்தது, ஆள் வரவில்லை. கஞ்சிமேடு பூராவும் வந்து நின்றது. யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மிஸ்ஸின் பெயர் வரும் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன், சொல்வதற்கென்ன. பாசஞ்சர் ஊதியது. கல் ஏறியது. குனிந்தேன். இரண்டு வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது எனக்கு.

"பாப்பாத்தி. வயசு ஒம்பது. ஒரு பவுண்டு."

கல்லுக்கு அதன் வேலை. யார் செத்தால் அதற்கென்ன. பாப்பாத்தியை எண்ணெய்க்காரர் வீட்டில் கையை வைத்து வாங்கிக்கொண்டார்கள். பாதர் இன்னாசி புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, வழக்கப்படி, இறந்தவருடைய உறவினர் யாராவது முதல் மண் போட வேண்டும் என்றார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. ஏட்டில் எழுதணும், உறவுமுறை என்ன, எந்த ஊர் என்று வேறு கேட்டார்.

எனக்கு நின்று நின்று கால் வலித்தது. எவ்வளவு நேரம்தான் ஒருவரைப் பெட்டியில் போட்டுக் காக்க வைப்பது. முன்னால் போய், குனிந்து, பெட்டி மேல் கையை வைத்தேன்.

"எங்க வீட்டுப் பேரு" என்றேன். "ஊரு கஞ்சிமேடு. எழுதிக்குங்க."

பாதர் எழுதினார். மண்ணைப் போட்டோம்.

கல் இன்னும் நிற்கவில்லை. தினமும் நான்தான் படிக்கிறேன். படித்து முடித்து, கூட்டம் போன பிறகு, வீட்டிலிருந்து கொண்டுபோகிற சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் புது மண்ணின் தலைமாட்டில் வைப்பேன். எறிவதில்லை, வைப்பேன். முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் வைத்தேன், உப்புப் போட்டிருக்கேன் மிஸ் என்று.